அபினி நோயும் குடும்ப மானமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்யப்பெற்ற உபந்நியாசம்)



இன்றைய கூட்டத்தில் சுகாதார சம்பந்தமான விஷயம் ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டுமென்று நமது காரியதரிசியவர்கள் கேட்டுக்கொண்டபொழுது, செவிக்கினிய விஷயங்கள் பல இருக்கவும், நான் கசப்பான விஷயம் ஒன்றையே தேர்ந்துகொண்டேன். அமெரிக்க ஐக்கிய நாட்டில் சென்ற முப்பது வருஷ காலமாகப் பரவி, லக்ஷக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட அபினி வகை மருந்துகளைப் பற்றியே இப்பொழுது பேசப் புகுகின்றேன்.

கடலுக்கு அப்பாலுள்ள தேசத்தின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நமது அங்கத்தினர்களுள் பலருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்நாட்டிலே குடியிருந்து வருகிறார்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இதனினும் முக்கியமானது. அந்தக் கேடு அங்கே கள்ளத்தனமாகச் சந்து பொந்துகளின் வழியாக மாத்திரம் வரவில்லை. வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டின் வழியாக, கௌரவமான வீடுகளுக்குள் பட்டப்பகலில் நுழைந்தது. நுழைந்த பின்னர் வெட்கத்தினால் மறைக்கப்பட்டு வளர்ந்தது. வெட்கத்தினால் நோயை மறைப்பதில் நாம் எந்தத் தேசத்தாருக்கும் இளைத்தவர்களல்லோம். ஆதலின் இக்கதை நமக்கும் உரியதே.

முதலில் இப்பொருளின் இயல்பை அறிந்துகொள்வோம். நம் வீட்டுச் சமையலுக்குப் பயன்படும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே உறைந்து அபினியாகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸெர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானியர் அபினியினின்றும் மார்பீன் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். 1898-ம் வருஷத்தில் பேயர் என்னும் ஜெர்மன் கம்பெனியார் மார்பீனினின்றும் செய்யப்படும் ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கினர். 1960-ஐ ஒட்டி, பெல்ஜியம் தேசத்துப் பால் ஜான்ஸன் என்பவர், செடியின் உதவி சிறிதுமின்றி, ரசாயனசாலையிலேயே ஃபெண்டனில் என்னும் மருந்தைச் செய்தார். இது மார்பீனைவிட ஏறக்குறைய 100 மடங்கு வலியுள்ளது. பழக்கமில்லாத ஒருவருடைய உயிரைப் போக்க இதில் 2 மில்லிகிராம் போதும். சில உப்புப் பொடிகளின் அளவே அது.

இவை யாவும் சரீரத்தில் செய்யும் வேலை ஒன்றே. நோவைத் தணிப்பதற்காக நம் உடம்பு தானே சில பொருள்களைச் சுரக்கின்றது. அப்பொருள்கள் சென்று பற்றுதற்கென மூளையிலும் தண்டுவடத்திலும் சில ஸ்தானங்கள் உண்டு. அபினி வகைகள் அந்த ஸ்தானங்களையே போய்ப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்தவுடன் நோவு தணிகின்றது, மனத்திற்குச் சுகமுண்டாகின்றது, கூடவே, சுவாசத்தை நடத்தும் பகுதியும் சோர்வடைகின்றது. சில நாட்கள் தொடர்ந்து உட்கொண்டால் உடம்பு அதற்கு இணங்கிப்போய், அதே சுகத்திற்கு அதிக அளவைக் கேட்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, பேதி, நடுக்கம், எலும்பை முறிப்பதுபோன்ற வலி, உறக்கமின்மை, தாங்கொணாத திகில் ஆகியவை தோன்றும். பின்னர் அம்மனிதர் சுகத்தை நாடி மருந்தை உண்பதில்லை. இந்த வாதனையினின்றும் தப்பும்பொருட்டே உண்கின்றார். அளவு மிஞ்சியபொழுது சுவாசம் மெள்ள மெள்ள அடங்கிவிடும். பக்கத்து அறையிலிருப்போர், குறட்டைவிட்டு உறங்குகிறார் என்றே எண்ணியிருப்பர்.

இனி அமெரிக்காவின் கதைக்கு வருவோம். 1980-ம் வருஷத்தில் அந்நாட்டின் பிரசித்திபெற்ற வைத்தியப் பத்திரிகையொன்றில் ஐந்து வாக்கியங்களாலான சிறு கடிதமொன்று வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கையிலிருந்தபொழுது இவ்வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில், அதற்கு அடிமையானதாக நன்கு தெரியவந்தவர்கள் நால்வரே என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரியில் வைத்தியர் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றியதே அது. வீட்டிலிருந்துகொண்டு மாதக்கணக்காக மாத்திரை உண்பவர்களைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. ஆயினும், "இம்மருந்துகளுக்கு நோயாளிகள் அடிமையாவது அபூர்வம்" என்பதற்குச் சான்றாக அக்கடிதத்தையே பலரும் காட்டலாயினர். 2017-ல் சில ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்துப் பார்த்தபொழுது, 608 கட்டுரைகளில் அது எடுத்தாளப்பட்டிருந்தமையும், அவற்றுள் 439 கட்டுரைகள் அதனை இவ்வாறே பயன்படுத்தியிருந்தமையும் வெளியாயின. ஒரு சிறு உண்மை, கைமாறிக் கைமாறிப் பெரும் பொய்யாய்விட்டது.

இந்நிலைமையில், 1996-ல் பர்டியூ பார்மா என்னும் கம்பெனியார் ஆக்ஸிகாண்டின் என்ற மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தனர். புற்றுநோயின் வேதனைக்கு மாத்திரமன்றி, முதுகுவலி, மூட்டுவலி ஆகியவற்றிற்கும் அதனைக் கொடுக்கலாமென்று அவர்களுடைய பிரதிநிதிகள் ஊர் ஊராய்ச் சென்று வைத்தியர்களிடம் போதித்தனர். அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் கூறி வைத்தியர்களை ஏமாற்றிய குற்றத்தை, அக்கம்பெனியைச் சார்ந்த ஸ்தாபனம் 2007-ல் ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 60 கோடி டாலர் அபராதம் முதலியன செலுத்தப்பட்டன. 2020-ல் அக்கம்பெனியார் மறுபடியும் குற்றங்களை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. விற்பனைக்குத் துணைநின்றோர் வேறு பலரும் உளர். மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்து உடம்பு நைந்துபோன தொழிலாளர் மிகுதி. அம்மாகாணத்தில் கெர்மிட் என்னும் சிற்றூரின் ஜனத்தொகை 400-க்குச் சற்றேறக்குறைய. அவ்வூரில் ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு வருஷங்களில் ஏறத்தாழ 90 லக்ஷம் மாத்திரைகள் அனுப்பப்பட்டன. 2007 முதல் 2012 வரையுள்ள ஆறு வருஷங்களில் அம்மாகாணத்திற்குச் சென்ற மாத்திரைகள் 78 கோடி. ஆண், பெண், குழந்தை எல்லோரையும் சேர்த்துப் பங்கிட்டால் தலைக்கு 433 ஆகும். அனுப்பியவர், பெற்றவர், எழுதிக்கொடுத்தவர், மேற்பார்வை செய்யக் கடமைப்பட்டவர் எல்லோருடைய கண்களுக்கும் முன்னால் இது நடந்தது.

சுகாதார இலாகாவினர் இந்தக் கொள்ளைநோயை மூன்று அலைகளாகப் பிரித்துக் கூறுவர். 1990-களில் எழுந்த முதலலை, வைத்தியர் கொடுத்த மாத்திரைகளால் வந்தது. மாத்திரை கிடைப்பது கடினமானபொழுது, பழக்கத்திற்கு ஆளானவர்களுட் சிலர் மலிவாகக் கிடைத்த ஹெராயினை நாடினர். 2010-ல் எழுந்த இரண்டாவது அலை அதுவே. அக்காலத்தில் ஹெராயின் பழக்கத்தில் புதிதாக வீழ்ந்தவர்களுள் ஐவரில் நால்வர், முன்னரே வலி மாத்திரைகளைத் தகாத முறையில் உபயோகித்தவர்களாயிருந்தனர். 2013-ல் கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட ஃபெண்டனில் வந்து கலந்தது. அது மூன்றாவது அலை. வாங்குபவருக்குத் தாம் வாங்குவது இன்னதென்றே தெரியாது. மருந்துக்கடை மாத்திரைபோலவே அச்சிட்ட போலி மாத்திரை ஒன்றை முதன்முறையாக விழுங்கிய வாலிபன், மறுநாட் காலை எழுந்திருக்கவில்லை என்னும் செய்தி அங்கே சாதாரணமாய்விட்டது. 1999 முதல் 2023 வரை அபினி வகைகளால் மாத்திரம் மாண்டவர்கள் 8 லக்ஷத்திற்கு மேற்பட்டோர். எல்லாப் போதைப்பொருள்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2022-ல் ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 1,08,000 பேர் உயிர் துறந்தனர்.

சபையோர்களே! இங்கே ஒரு கேள்வி எழும். "கையை நீட்டி வாங்கியவன் அவன்தானே? வாயில் போட்டுக்கொண்டவனும் அவன்தானே? இதனை நோய் என்பது எப்படி? துர்நடத்தை என்றல்லவோ சொல்லவேண்டும்?" என்று நம்மிற் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்; இதற்கு விடை கூறாமல் மேலே செல்வது முறையன்று.

முதல் மாத்திரையை உண்பதில் மனிதனுடைய விருப்பத்திற்கு இடமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீரிழிவுக்காரர் வாய்ருசியை அடக்காமையால் தம் நோயை முற்றவிட்டவராகவும் இருக்கக்கூடும். அதற்காக அவருக்கு வைத்தியமில்லையென்று நாம் சொல்கிறோமா? பழகிப்போன மூளை முன்போன்ற மூளையன்று. பசித்தவன் சோற்றை நாடுவதுபோல், மூழ்குகிறவன் மூச்சை நாடுவதுபோல், அது அம்மருந்தை நாடுகின்றது. "மனத்தை அடக்கு" என்று அவனுக்கு உபதேசம் செய்வது, காய்ச்சற்காரனைப் பார்த்து "சூட்டை அடக்கு" என்பதுபோலாகும். அன்றியும், கெர்மிட் போன்ற ஊர்களில் ஒரே காலத்தில் இத்தனை பேர் துர்நடத்தையில் இறங்கினர் என்றால் அது பொருந்துமா? ஊர் முழுவதும் பேதி கண்டால், ஒவ்வொருவருடைய ஒழுக்கத்தையும் விசாரிப்போமா, குடிநீர்க் கிணற்றைச் சென்று பார்ப்போமா? பொதுஜன சுகாதாரம் என்பது அந்தக் கிணற்றைப் போய்ப் பார்க்கும் கல்வியேயாகும்.

தண்டனையினால் இதைத் தீர்க்கலாமென்று அமெரிக்கர் முன்னரே முயன்று பார்த்ததுண்டு. 1914-ல் ஹாரிஸன் சட்டம் என்பதொன்று இயற்றினர். பழக்கத்தை நிலைநிறுத்துவதற்கென மருந்து கொடுப்பது வைத்தியமாகாதென்று 1919-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த வைத்தியர்களும் குற்றவாளிகளாயினர். வைத்தியர் கதவை அடைத்துக்கொண்டார். நோயாளி கள்ளக்கடையின் கதவைத் தட்டினான். சிறைவாசமும் உயிரைக் காக்கவில்லை. வாஷிங்டன் மாகாணத்தில் சிறையினின்றும் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருளால் மாளும் அபாயம் ஏனைய ஜனங்களைவிட 129 மடங்கு அதிகமென்று கண்டனர். இதன் காரணத்தைத் தாய்மார்கள் முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டும். சில வாரங்கள் மருந்து இல்லாதிருந்தால் உடம்பு தன் பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடுகின்றது. ஆசையோ அழிவதில்லை. பழைய அளவை அவன் மறுபடி உட்கொண்டால் அதுவே விஷமாகும். எனவே, பிள்ளையை அறையில் பூட்டிவைத்து, பத்து நாளில் "சரியாய்விட்டான்" என்று வெளியே விடுவது அவனைக் காப்பதாகாது. முன்னையினும் பெரிய அபாயத்தில் தள்ளுவதேயாகும்.

ஆயின் வழி என்ன? வழியுண்டு, அது பரீட்சிக்கப்பட்ட வழி. 1960-களில் நியூயார்க் நகரத்தில் வின்ஸென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு வைத்தியர்கள் மெதடோன் என்னும் மருந்தை அளவறிந்து நாள்தோறும் கொடுத்து, ஹெராயினுக்கு அடிமையானவர்களை வேலைக்கும் வீட்டிற்கும் திரும்பச்செய்தார்கள். பியூப்ரனார்பின் என்னும் மற்றொரு மருந்தும் பின்னர் வந்தது. பிரான்ஸ் தேசத்தார் 1995-ல் சாதாரண வைத்தியர்களே அதனை எழுதிக்கொடுக்கலாமென்று அனுமதித்தனர். நான்கு வருஷங்களுக்குள் அந்நாட்டில் அளவு மிஞ்சி மாண்டவர்களின் தொகை 79 சதவீதம் குறைந்தது. "ஒரு போதைக்குப் பதிலாக மற்றொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இம்மருந்துகளும் அபினி இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் சரியான அளவில் இவை மயக்கத்தையும் உண்டாக்குவதில்லை, வாதனையையும் விடுவதில்லை. பெற்றவன் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறான். மரண அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றது. வருஷக்கணக்காக மருந்துண்பது குறைவு என்றால், இரத்தக் கொதிப்புக்கு நாம் உண்ணும் மாத்திரையும் குறைவே.

அளவு மிஞ்சி விழுந்தவரை எழுப்புதற்கு நலாக்ஸோன் என்னும் மருந்து உண்டு. அது அபினியைப் பற்றுஸ்தானத்தினின்றும் தள்ளிவிட்டு, நின்றுபோகும் மூச்சைச் சில நிமிஷங்களில் மீட்டுக்கொடுக்கும். மூக்கில் பீச்சும் இம்மருந்தை 2023 முதல் அமெரிக்காவில் வைத்தியர் சீட்டின்றியே வாங்கலாம். மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் நகரத்தில் 2016 ஆகஸ்ட் 15-ந் தேதி சில மணி நேரத்திற்குள் இருபதுக்கு மேற்பட்டோர் விழுந்தனர். அவர்களிற் பெரும்பாலோரை உயிர்ப்பித்தது உடனடி உதவியும் இந்த மருந்துமே. ஆனால் எழுப்பி அனுப்பிவிட்டால் மட்டும் போதாதென்று அந்நகரத்தார் அறிந்துகொண்டனர். 2017-ன் இறுதியில் ஒரு சிறு கூட்டத்தாரை ஏற்படுத்தினர். முதலுதவி செய்பவர், சிகிச்சை நிலையத்தவர், போலீஸ்காரர், சமயப் பெரியார் ஒருவர் ஆகியோர் சேர்ந்து, பிழைத்தவரை இரண்டு மூன்று நாட்களுக்குள் அவர் வீட்டிற்கே போய்க் கண்டு, "சிகிச்சைக்கு வருகிறீர்களா? நாங்களே அழைத்துப் போகிறோம்" என்று கேட்பார்கள். விலங்கிடுவதற்கு அல்லாமல், அழைத்துச் செல்வதற்காகப் போலீஸ்காரர் ஒருவர் வாசலில் வந்து நிற்கும் காட்சியைச் சிந்தித்துப் பாருங்கள்.

மறைவு செய்யும் தீமைக்கு இந்தியானா மாகாணத்து ஆஸ்டின் என்னும் ஊர் உதாரணமாகும். சுமார் 4,200 ஜனங்கள் வாழும் அவ்வூரில், மாத்திரையைக் கரைத்து ஊசியாற் செலுத்திக்கொள்வோர் ஒரே ஊசியை மறைவில் பலராய்ப் பகிர்ந்துகொண்டனர். அவ்வூர் அடங்கிய ஸ்காட் ஜில்லா முழுவதிலும் முந்திய பத்து வருஷங்களில் ஐவருக்கே காணப்பட்டிருந்த எய்ட்ஸ் கிருமி, 2015-ம் வருஷ முடிவிற்குள் 180-க்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. சுத்தமான ஊசி கொடுப்பது தீயொழுக்கத்திற்குத் துணைபோவதாகுமென்று கருதியிருந்த அம்மாகாணக் கவர்னர், அவ்வருஷமே அதற்கு அனுமதியளித்தார். அதன்பின்னர்த் தொற்று அடங்கலாயிற்று. நோயாளி பயமின்றி வந்துபோகும் ஓரிடம் ஏற்பட்டதே அதன் மர்மம்.

அமெரிக்காவில் 2024-ல் போதைப்பொருள்களால் மாண்டவர்களின் தொகை ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தது. முந்திய வருஷத்தைவிட இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாகும். நலாக்ஸோன் பரவியதும், சிகிச்சை எளிதானதும் இதற்குரிய காரணங்களுட் சிலவென்று கருதப்படுகின்றன. 80,000 என்பதும் பெருந்தொகையே; எனினும் இது தலைவிதியன்று, மனித முயற்சியால் மாறக்கூடியதே என்பது இதனால் விளங்குகின்றது.

வேறொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது தவறாகும். இவ்வளவும் கேட்டு, "இனி மார்பீன் என்ற பெயரே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. புற்றுநோயின் கடைசி நாட்களில் வேதனையால் துடிக்கும் தாய்க்கும் தந்தைக்கும் மார்பீன் பெரும் உபகாரி. அதன் மேலுள்ள பயத்தினாலும் சட்டத்தின் கடுமையினாலும் நம் தேசத்தில் எத்தனையோ பேர் அந்த நிவாரணமின்றியே மடிந்தனர். 2014-ல் நம் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி வழியைச் சற்று எளிதாக்கியது. நெடுநாளாக இம்மருந்து உண்பவருக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதும் கொடுமையே. வைத்தியர் மூலமாகப் படிப்படியாகவே குறைக்கவேண்டும். அமெரிக்காவில் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தனர்; பின்னர்ச் சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினர். இரண்டிலும் நோயாளியே அடிபட்டான்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். க்ஷயரோகத்தை நம் முன்னோர் எவ்வாறு மறைத்தார்கள் என்பது இங்குள்ள முதியோர்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பது தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதென்று, இருமுகிறவரைப் பின்கட்டில் ஒதுக்கிவைத்து, வந்தவர்களிடம் ஊருக்குப் போயிருக்கிறாரென்று சொல்லிவிடுவது வழக்கமாயிருந்தது. வரன் அமைந்தது, நோயும் வீடு முழுவதும் பரவியது. இன்று க்ஷயரோகத்தைச் சொல்ல அவ்வளவாகக் கூசுவதில்லை, ஆகையால் பிழைத்துக்கொள்கிறோம். அந்தப் பின்கட்டு மாத்திரம் இடிபடாமல் இன்னமும் நிற்கின்றது. குடிக்கு அடிமையானவரும், மாத்திரைக்கு அடிமையானவரும், சித்தம் கலங்கியவரும் இப்பொழுது அங்கே இருக்கிறார்கள். அயல்நாட்டில் படிக்கும் பையன் திடீரென்று படிப்பை விட்டுவிட்டால், "வேலை மாறுகிறான்" என்கிறோம். இறந்தே போனாலும் "மாரடைப்பு" என்கிறோம். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் ஊர்வாய்க்குப் பயந்து நம் பிள்ளையின் மூச்சை மூடிவிடுகிறோம்.

குடும்ப மானம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதைக் காக்கும் முறையையே மாற்றச் சொல்கிறேன். நோயாளியை மறைத்த குடும்பத்தைவிட, நோயாளியைப் பிழைப்பித்த குடும்பத்தையே மானமுள்ள குடும்பமாக நாம் மதிப்போமாக. சென்னையில் ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன் அவர்கள், குடியினால் தம் கணவரை இழந்த பின்னர், அதை மூடிமறைத்து மூலையில் அமராமல், அவர் பெயராலேயே 1980-ல் ஒரு சிகிச்சை ஸ்தாபனத்தை நிறுவினார்கள். அதனால் அந்தக் குடும்பத்தின் பெயர் தாழ்ந்ததா, உயர்ந்ததா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நம்மவர்களிடம் நான் வேண்டுவன சிலவே. அறுவைச் சிகிச்சைக்கோ பல் பிடுங்கியதற்கோ கொடுத்த வலி மாத்திரை எவ்வகையைச் சேர்ந்தது, எத்தனை நாளைக்கு வேண்டும் என்று வைத்தியரைத் தயங்காமற் கேளுங்கள். மிகுந்த மாத்திரைகளை அலமாரியில் சேர்த்துவைக்காதீர்கள்; ஒருவருக்குக் கொடுத்ததை மற்றொருவர் உண்ணலாகாது. அமெரிக்காவிலுள்ள நம் மக்களுக்குப் பேசும்பொழுது, நண்பர் கொடுக்கும் மாத்திரை எதையும் வாயிலிடக் கூடாதென்றும், நலாக்ஸோனை வீட்டில் வைத்திருக்குமாறும் சொல்லுங்கள். யாரேனும் எழுப்பியும் எழாமல், உதடு நீலித்து, மூச்சுத் திணறிக் கிடந்தால், மானத்தைப் பாராமல் உடனே ஆஸ்பத்திரி வண்டியை அழைக்கவேண்டும். நம் தேசத்தில் போதைப் பழக்கத்திற்கு உதவி வேண்டுவோர் 14446 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு வீட்டில் இத்துன்பம் நேர்ந்திருப்பதை அறிந்தால், அதைக் கல்யாணப் பந்தியில் பேசும் பேச்சாக்காதீர்கள். நேரே போய், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாயிருந்தனர். 1970-களில் லீ ராபின்ஸ் என்ற அம்மையார் அவர்களை ஆராய்ந்தபொழுது, ஊருக்குத் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லையென்று கண்டார். யுத்தகளம் நீங்கி, வீடும் வேலையும் உறவும் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. மருந்து வைத்தியர் கையிலுள்ளது. வீடும் உறவும் நம் கையிலுள்ளவை. ஒரு சங்கமென்று நாம் கூடியிருப்பது அவற்றைக் கொடுப்பதற்கல்லவா? அத்தகைய வீடு ஒன்றிற்கேனும் இந்த உபந்நியாசத்தால் பயன் உண்டாகுமாயின், நான் எடுத்துக்கொண்ட கசப்பான விஷயம் மருந்தாயிற்றென்று மகிழ்வேன்.